4கே மானிட்டரில் மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தால்

மானிட்டரில் கோளாறு இல்லை தம்பி, சுங்கை சிப்புட் கடைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். படம் தெளிவாக வருகிறது, மவுஸ் மட்டும் விட்டு விட்டு நகர்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் பழைய லேப்டாப்பில் மானிட்டருக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ துளை பழைய 1.4 வகையாக இருக்கும். அது 4கே, அதாவது 3840 x 2160 படத்தை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே வரை போங்கள். மேலே வெளி மானிட்டரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். லேப்டாப் திரையின் எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 தடவை) மட்டும் இருந்து 60 காட்டவில்லையா? அதுதான் காரணம். சந்தேகமாக இருந்தால் கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

காசு செலவில்லாத வழி, ரெசொலூஷனை (படத்தின் புள்ளி அளவை) 2560 x 1440க்கு இறக்குவது. பெரும்பாலும் 60 வந்துவிடும். எழுத்து கொஞ்சம் மங்கும், அசைன்மெண்ட் எழுத அது போதும்.

4கேயும் 60 ஹெர்ட்ஸும் வேண்டும் என்றால், லேப்டாப்பின் யூஎஸ்பி-சி துளையில் அடாப்டர் மாட்டுவதுதான் வழி. ஆனால் எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. பக்கத்தில் டிபி (டிஸ்பிளேபோர்ட்) அடையாளமோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு அடாப்டர் வாங்குங்கள். பசார் மாலாம் (இரவுச் சந்தை) அடாப்டர்களில் 4கே என்பது பெரிதாக இருக்கும், 30 ஹெர்ட்ஸ் என்பது பொடி எழுத்தில் இருக்கும்.