குசினி வாசலில் பூனை வைத்த கறை

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் தெஹிவளை வீட்டை விட்டு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக்கு வந்தோம். கந்தோர் முடிந்து வந்து கதவைத் திறந்ததும் எங்கள் பெண் பூனை ஓடிவந்து காலில் முகத்தை உரசிக்கொண்டே நிற்கிறது. கதிரைக் கால், கதவு நிலை, சப்பாத்து என்று ஒன்றையும் விடுவதில்லை. குசினி வாசல் மூலையில் மண்ணிறத்தில் பிசுபிசுப்பான கறை. கிருமிநாசினி போட்டுத் துடைத்தாலும் இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. பசிக்குத்தான் உரசுகிறது என்று மாமி சொல்கிறார். ஏதும் வருத்தமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கிருமிநாசினியை இன்றைக்கே நிறுத்துங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் அது உரசும்போது குனிந்திருந்து பாருங்கள். முதலில் சப்பாத்தை மோந்து பார்க்கும். காலி வீதியில் நீங்கள் மிதித்து வந்த சேறு, பஸ், தெருநாய் எல்லாம் அதில் இருக்கும். சில நேரம் வாயைக் கொஞ்சம் திறந்தபடி அசையாமல் நிற்கும். மேலண்ணத்தில் மணம் அறிய இன்னொரு உறுப்பு இருக்கிறது. அதற்கு மணத்தை ஏற்றுகிறது. அப்புறம் உதட்டோரத்தைப் பதித்து, கன்னம் வழியாகக் காதடி வரை ஒரே இழுப்பு. கடைசியாக விலாவும் வாலும். அந்த இழுப்பு போகும் தடத்தில்தான் மணச் சுரப்பிகள் இருக்கின்றன: நாடி, உதட்டோரம், கன்னம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி ஐதாக இருக்கும் இடம்.

அந்த மணம் நமக்குத் தெரியாது. 1990களில் பிரெஞ்சு மிருக வைத்தியர் பத்ரிக் பாஜா பூனையின் கன்னச் சுரப்பில் ஐந்து கலவைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று பொருட்களில் பூசுவது. இன்னொன்று பழகியவர்களில் பூசுவது. நீங்கள் பூனையின் சொத்து என்று முத்திரை குத்துகிறது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்றாக வாழும் பூனைகள் வெளியே போய் வந்த பூனையை வாலைத் தூக்கிக்கொண்டு வந்து இப்படித்தான் உரசி, கூட்டத்தின் பொது மணத்தைத் திரும்பப் பூசிவிடும். நாள் முழுக்க வெளியே நின்று அந்நிய மணத்தோடு வருகிற உங்களையும் அது வீட்டு ஆளாக்கிக்கொள்கிறது. தான் பயப்படும் ஆளிடம் பூனை கன்னத்தைக் கொடுக்காது. மாமி சொல்வதிலும் உண்மை இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் உரசல் கூடும். ஆனால் பசி கதிரைக் காலை உரச வைக்காது.

சரி, கறைக்கு வருவோம். அது சுரப்பின் எண்ணெயும் முடி அழுக்கும். வீடு மாறிய பூனைக்கு அந்த மூலைதான் புது வீட்டில் தனக்குத் தெரிந்த இடம். நீங்கள் துடைக்கத் துடைக்க அது முதலிலிருந்து தொடங்குகிறது. முகம் உரசிய இடத்தில் பூனை பெரும்பாலும் சிறுநீர் அடிக்காது. அதனால் அந்த மூலையையும் இன்னும் ஒன்றிரண்டையும் அப்படியே விடுங்கள். மற்ற இடங்களுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகளில் பெரும்பாலும் பீனோல் வகை இரசாயனம் இருக்கும். அதை உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் சரியாக முடியாது. நிலத்தில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும்.

புதிதாகத் தளபாடம் வாங்கினால், சுத்தமான பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தை மெல்லத் தடவி, அதே துணியைத் தளபாடத்தின் காலில் பூனையின் முக உயரத்துக்குத் தேய்த்துவிடுங்கள்.

கருத்தடை செய்யாத பூனை என்றால், இணை தேடும் காலத்தில் உரசலோடு உருளலும் கத்தலும் சேரும். ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து, தலையை உதறினால் காதையும், எச்சில் வடித்தால் பல்லையும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: உரசாமல், நெற்றியைச் சுவரில் அழுத்தியபடி அப்படியே நிற்பது, வட்டமாகச் சுற்றுவது, தடுமாறுவது. அது மூளையோ ஈரலோ பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

இன்று பின்னேரம் சப்பாத்தைக் கழற்ற முன், ஒரு விரலைப் பூனையின் மூக்கு உயரத்துக்கு நீட்டிக்கொண்டு சும்மா இருங்கள். மோந்து பார்த்துவிட்டு, உதட்டோரத்தை அதுவாகவே வந்து பதிக்கும்.