கேப்டன் எங்கே நின்றார்?

அன்புள்ள ஐயா,

என் மகள் நியூ ஜெர்சியில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். மே மாதம் ஏபி (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் தேர்வு) அமெரிக்க வரலாற்றுத் தேர்வு. ஏழு ஆவணங்களைக் கொடுத்து அவற்றை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். எந்த ஆவணம் வந்தாலும் ‘எழுதியவர் ஒருதலைப்பட்சமானவர், ஆகவே இதை முழுதாக நம்ப முடியாது’ என்று ஒரு வரி சேர்த்தால் மதிப்பெண் உண்டாம், டியூஷனில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் நேரம் போதவில்லை என்கிறாள். அவள் படிக்க நல்ல புத்தகங்கள் சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு மணி நேரம் தருகிறார்கள், அதில் 15 நிமிடம் படிப்பதற்கே. ஏழில் நான்கு ஆவணங்களை வாதத்துக்கு ஒழுங்காகப் பயன்படுத்தினாலே அந்தப் பகுதிக்கான மதிப்பெண் வந்துவிடும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு சில முறை எழுதினால் கை பழகிவிடும்.

எனக்குக் கோபம் அந்த ஒரு வரியின் மேல்தான். நீங்களும் அதை ‘உண்டாம்’ என்று அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். 1973இல் இந்த வகைக் கேள்வி வந்ததே, பிள்ளைகள் மனப்பாடத்தை விட்டு மூல ஆவணத்தோடு மல்லுக்கட்ட வேண்டும் என்றுதான். அதையும் மனப்பாட வரியாக்கி விற்கிறார்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அந்த வரிக்கு மதிப்பெண்ணும் கிடைக்காது. எழுதியவரின் நோக்கமோ சூழலோ வாசகரோ நம் வாதத்துக்கு ஏன் முக்கியம் என்று விளக்கினால்தான் கிடைக்கும்.

கொஞ்ச நாளாகவே, பாஸ்டன் வெள்ளி வேலைக்காரரான பால் ரிவியர் செதுக்கிய பாஸ்டன் படுகொலைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த காலம். 1770 மார்ச் 5 இரவு, பாஸ்டனின் கிங் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அன்று தரையெல்லாம் பனி. கூட்டம் பனிக்கட்டியும் தடியும் வீசியது. படத்தில் பனியும் இல்லை, தடியும் இல்லை. சிப்பாய்கள் அணிவகுப்பில் நிற்பதுபோல் வரிசையாக நின்று சுடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கேப்டன் பிரஸ்டன் வாளை உயர்த்தி ஆணையிடுகிறார். சுங்க அலுவலகத்தின் மேல் ‘கசாப்புக்காரன் கூடம்’ என்று ஒரு பலகை.

பிரஸ்டன் சிறையிலிருந்து எழுதிய வாக்குமூலமும் இருக்கிறது. அதில் அவர் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிற்கிறார். சுடச் சொல்லியிருந்தால் முதலில் நானல்லவா செத்திருப்பேன் என்கிறார்.

கேப்டன் எங்கே நின்றார்? ஒருவர் ஊரை ராணுவத்துக்கு எதிராகத் திரட்டப் பார்க்கிறார், இன்னொருவர் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பப் பார்க்கிறார். உங்கள் மகளின் வரி இரண்டுக்கும் அச்சு அசலாகப் பொருந்தும், இரண்டைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. ‘கேப்டனைப் பின்னால் நிறுத்தி, ஒரு தெருக்கலவரத்தை ஆணையிட்டுச் செய்த கொலையாக மாற்றுகிறார் ரிவியர், ராணுவம் வெளியேற வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அந்த ஆணை தேவைப்பட்டது’ என்று அவள் எழுதட்டும். பொய்யாகவே இருந்தாலும் அந்தப் படம் அன்றைய பாஸ்டனின் கோபத்துக்கு உண்மையான சாட்சி. அக்டோபரில் நீதிமன்றம் பிரஸ்டனை விடுவித்தது. அவருக்காக வாதாடியவர் பின்னாளில் அதிபரான ஜான் ஆடம்ஸ்.

என் தாத்தா பத்திர எழுத்தர். பங்காளித் தகராறு என்று யாராவது பழைய பத்திரத்தோடு வந்தால், முதலில் முத்திரைத்தாள் யார் பேரில், என்றைக்கு வாங்கியது என்று பார்ப்பார். அப்புறம் சாட்சிக் கையெழுத்து. அதற்கப்புறம்தான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பார். ஒரு தரப்புக்குச் சாதகமாக எழுதியது என்பதற்காக எந்தப் பத்திரத்தையும் அவர் தள்ளி வைத்ததில்லை. “கிணத்தைப் பத்தி இவ்வளவு எழுதினவன் பாதையைப் பத்தி ஏன் எழுதலை?” என்று கேட்பார். பள்ளியில் வரலாற்றை நான் பத்துப் பத்துப் பாயிண்டாக நெட்டுருப் போட்டேன். ஆவணம் படிக்கக் கற்றது அந்தத் திண்ணையில்தான்.

பதினாறு வயதுப் பெண், செத்துப்போன மனிதர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கும் வயது. கேட்பதற்கு முன்பே ‘நம்ப முடியாது’ என்று கதவைச் சாத்தக் கற்றுக்கொடுக்காதீர்கள். பாவம், அவளாகக் கேட்டுப் பெற்றதல்ல அந்த வரி.

புத்தகங்கள் தேர்வு முடிந்த பிறகு. இப்போதைக்கு இந்தப் படத்தையும் பிரஸ்டனின் வாக்குமூலத்தையும் பக்கத்தில் வைத்து, கேப்டன் எங்கே நின்றார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, எழுதியதை எனக்கு அனுப்பட்டும். படித்துவிட்டு அவளுக்கே பதில் போடுகிறேன்.