மாஸ்க் போட்டு மூச்சு விட்டாலே கிட்னி கோளாறு தெரிந்துவிடுமா?

மூச்சு சென்சார் வைத்த மாஸ்க் வந்துவிட்டதாமே, இனி கிரியாட்டினின் டெஸ்ட் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்ப்பது) தேவையில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான். ஆனால் இதைச் சும்மா கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது.

சிறுநீரகம் கழிவைச் சரியாக வெளியேற்றாவிட்டால் யூரியா ரத்தத்தில் தேங்கும், அங்கிருந்து எச்சிலுக்கும் வரும், வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். நோய் முற்றியவர்களின் வாயில் மூத்திர நெடி அடிப்பது இதனால்தான். ரோமில் உள்ள டோர் வெர்காட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தூசி, கிருமியை வடிகட்டும் சாதாரண எஃப்எஃப்பி2 மாஸ்க்குக்குள்ளேயே சென்சார்களைப் பொருத்தினார்கள். வெள்ளி மின்முனைகள், அவற்றின் மேல் போர்ஃபிரின் (வாயுக்களை உணர உதவும் ஒரு மூலக்கூறு) கலந்த, மின்சாரம் கடத்தும் பாலிமர் பூச்சு. மூச்சிலுள்ள வாயு அதில் ஒட்டினால் மின்தடை மாறும், அவ்வளவுதான். அம்மோனியா மட்டுமில்லை, அசிட்டோன், எத்தனால் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் மாற்றத்தைத்தான் அது படிக்கிறது.

100 பேரிடம் சோதித்ததில், நோயாளிகளில் 84 சதவீதம் பேரையும் நோய் இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரையும் சரியாகச் சொன்னது. நல்ல தொடக்கம்தான், ஆனால் நூறு நோயாளிகளில் 16 பேரை "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பும் கருவியை நான் நம்ப மாட்டேன். அப்புறம், பல் சரியாகத் துலக்காதவர் மூச்சிலும் அம்மோனியா கூடும், பட்டினி கிடந்தாலோ சர்க்கரை எகிறினாலோ அசிட்டோன் ஏறும்.

சர்க்கரையோ பிபியோ இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இரண்டையும் பாருங்கள். ஆல்புமினை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.