கொலனோஸ்கோப்பி 'நார்மல்' என்று வந்தால் எந்த அளவுக்கு நம்பலாம்?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணனுக்குக் கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை செய்து, "பாலிப் எதுவும் இல்லை, பத்து ஆண்டு கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்களாம். பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டி. அப்படியே நம்பி இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தவர் யார், எப்படிப் பார்த்தார் என்பதைப் பொறுத்து நம்பலாம்.

நான் மருத்துவன் அல்ல. ஒஹாயோவில் ஒரு மருத்துவமனையின் தரக் கண்காணிப்புப் பிரிவில் கணக்குப் பார்ப்பவன். எங்கள் எண்டோஸ்கோப்பி மருத்துவர்கள் ஒவ்வொருவருக்கும் 'அடினோமா கண்டறிதல் விகிதம்' என்ன என்று கணக்கிட்டுக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வேலை. எந்தத் தொந்தரவும் இல்லாமல் முன்னெச்சரிக்கைக்காகப் பரிசோதனைக்கு வரும் 100 பேரில், எத்தனை பேருக்கு ஓர் அடினோமாவாவது அகப்பட்டது என்பதே அந்த விகிதம். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி இந்த அடினோமா என்கிற ஒரு வகைப் பாலிப்பிலிருந்துதான் பல ஆண்டுகளில் மெல்ல வளர்கிறது. கண்ணில் பட்டால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். படாவிட்டால் அறிக்கையில் 'நார்மல்' என்று வரும்.

படாமல் போவது அபூர்வம் அல்ல. இந்தியானாவில் டக்ளஸ் ரெக்ஸ் என்ற குடல் மருத்துவரின் குழுவினர் 183 பேருக்கு ஒரே நாளில் இரண்டு முறை கொலனோஸ்கோப்பி செய்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். அடினோமாக்களில் 24 விழுக்காடு முதல் சுற்றில் தப்பியிருந்தது. ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவற்றில்கூட 6 விழுக்காடு. தப்பவிடுவதில் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபாடும் பெரிது. கலிபோர்னியாவில் கைசர் பர்மனெண்டே என்ற மருத்துவ நிறுவனத்தின் 136 மருத்துவர்கள் செய்த 3,14,872 பரிசோதனைகளை ஆராய்ந்து 2014இல் வந்த கட்டுரையில், கண்டறிதல் விகிதம் 7.4 முதல் 52.5 விழுக்காடு வரை பரவிக் கிடந்தது. அந்த விகிதம் ஒரு புள்ளி கூடினால், புற்றுநோய் இல்லை என்று அனுப்பப்பட்டவருக்கு அடுத்த பரிசோதனைக்கு முன்பே புற்றுநோய் வரும் வாய்ப்பு 3 விழுக்காடு குறைந்தது. இதைப் படித்த பிறகு என் எக்செல் கோப்பை நான் பழைய அலட்சியத்தோடு திறந்ததில்லை.

கணக்கிடுவது எளிது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். கொலனோஸ்கோப்பி அறிக்கையில் "4 மில்லிமீட்டர் பாலிப் அகற்றப்பட்டது" என்று இருக்கும். அது அடினோமாதானா என்று சொல்ல வேண்டியது, வெட்டி எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் பேத்தாலஜி பிரிவு. அந்த அறிக்கை சில நாள் கழித்து, வேறொரு மென்பொருளில், கட்டுரை நடையில் வரும். முதல் ஆண்டு முழுக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே படித்துப் பொருத்தினேன். பாலிப்புகளை மட்டும் எண்ணிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். மலக்குடலில் தீங்கில்லாத குட்டிப் பாலிப்புகளைப் பறித்துப் பறித்தே ஒருவர் பட்டியலில் முதலிடம் பிடித்துவிடலாம், அதனால்தான் கூடாது.

பட்டியலைக் கொடுத்த அன்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் சொன்னது நியாயம். அவர் செய்ததே நூறு பரிசோதனைகள்தாம். நூற்றில் 25 என்று வந்தால், அவருடைய உண்மையான விகிதம் 17ஆகவும் இருக்கலாம், 34ஆகவும் இருக்கலாம். அந்தச் சிறிய எண்ணிக்கையை வைத்து யாரையும் குறை சொல்லக் கூடாது என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன். இன்னொரு குறையை நானே கண்டேன். ஓர் அடினோமா கிடைத்தவுடன் அந்த நோயாளி கணக்கில் ஏறிவிடுகிறார். பிறகு மீதியைத் தேடினாலும் தேடாவிட்டாலும் விகிதம் மாறாது. அதனால் ஒருவருக்குச் சராசரியாக எத்தனை அடினோமா எடுக்கப்பட்டது என்பதையும் இப்போது சேர்த்துப் பார்க்கிறோம்.

சரி, குறைவாக இருப்பவரின் விகிதத்தை எப்படி உயர்த்துவது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கடிகாரம். இல்லினாயில் 12 மருத்துவர்களை வைத்து 2006இல் வந்த ஆய்வில், குழாயை வெளியே எடுத்துக்கொண்டே குடலைப் பார்ப்பதற்குச் சராசரியாக 6 நிமிடமாவது எடுத்தவர்கள் 28.3 விழுக்காட்டினரிடம் கட்டிகளைக் கண்டார்கள். அதற்கும் குறைவாக எடுத்தவர்கள் கண்டது 11.8 தான். உடனே நிமிடக் கணக்கைச் சட்டமாக்கினால் போதும் என்று தோன்றும். பாஸ்டனில் ஒரு மருத்துவமனை 7 நிமிடம் கட்டாயம் என்று விதி போட்டது. விதியை எல்லோரும் மதித்தார்கள். ஆனால் பாலிப் கண்டறிதல் கூடவில்லை என்று 2008இல் எழுதினார்கள். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தவனுக்கெல்லாம் மதிப்பெண் வந்துவிடுகிறதா என்ன?

எங்களிடம் பலன் தந்தவை வேறு. குடலைச் சுத்தமாக்கக் குடிக்கும் பேதி மருந்தை முந்தின இரவு பாதி, பரிசோதனை நாள் விடியற்காலையில் மீதி என்று பிரித்துக் கொடுத்தது ஒன்று. குடலின் வலப்பக்கத்தை இரண்டாம் முறை போய்ப் பார்ப்பது இன்னொன்று. மற்றொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டியலில் கடைசியில் இருந்தவர் எங்கள் மூத்த மருத்துவர். கை அவ்வளவு லாவகம், நோயாளிகளுக்குப் பிரியமானவர். எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, தன்னைவிட இருபது வயது இளையவரின் அறையில் ஓர் ஓரமாக நின்று காலை முழுவதும் திரையைப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம், "அவள் ஒவ்வொரு மடிப்பையும் கழுவி, பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறாள். நான் தாண்டிப் போய்விடுகிறேன்" என்றார். அடுத்த ஆண்டு அவர் கடைசியில் இல்லை.

செயற்கை நுண்ணறிவு திரையில் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டுகிறதே என்பீர்கள். உதவுகிறது. ஆனால் போலந்தில் நான்கு மையங்களில் பார்த்து 2025இல் வெளியிட்டார்கள்: அந்தக் கருவிக்குப் பழகிய மருத்துவர்கள் அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் விகிதம் 28.4இலிருந்து 22.4க்கு இறங்கியிருந்தது.

ஆகவே அண்ணனை இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். குடல் எந்த அளவு சுத்தமாக இருந்தது, மருத்துவரின் கண்டறிதல் விகிதம் என்ன. அமெரிக்காவில் இரைப்பை குடல் மருத்துவச் சங்கங்கள் 2024இல் வைத்த குறைந்தபட்சம் மொத்தத்தில் 35, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 30. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். தன் எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவர் உடனே சொல்லிவிடுவார்.

எனக்கு 45 வயதானபோது நானும் செய்துகொண்டேன். யாரிடம் போனேன் என்று சொல்ல மாட்டேன், வேலை போய்விடும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, எலுமிச்சை வாடை அடிக்கும் அந்தக் கண்ணராவியின் இரண்டாம் பாதியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். வலப்பக்கத்தில், ஒரு மடிப்புக்குப் பின்னால், 4 மில்லிமீட்டரில் ஒன்று இருந்தது. பேத்தாலஜி அறிக்கை வந்ததும் என் பெயரை நானே கோப்பில் ஏற்றினேன்.