ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி விளையாட்டில் எதை முதலில் ஆராய்வது?

விலையைவிட, அந்த ஆராய்ச்சி எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டரில் ஆராய்ச்சி ஓடும்வரை அங்கே புதிய வில்லேஜர் (வேலையாள்) வரமாட்டார்.

டவுன் சென்டரில் நடக்கும் லூம் ஆராய்ச்சிக்கு 50 தங்கம், 25 விநாடி. அதாவது ஒரு வில்லேஜர் தள்ளிப்போகிறார். பதிலுக்கு வில்லேஜரின் உயிர்ப்புள்ளி 25-லிருந்து 40 ஆகும். அடுத்த யுகமான ஃபியூடலுக்குச் சொடுக்கும் முன் செய்தால் போதும். உணவுக்காகக் காட்டுப்பன்றியை இழுத்துவரும்போது அடிக்கடி ஆளை இழப்பவர் சற்று முன்பே செய்யலாம், வெட்கமில்லை.

ஃபியூடலில் நுழைந்ததும் டபுள்-பிட் ஆக்ஸ்: 100 உணவு, 50 மரம். வெட்டும் வேகம் 20% கூடும். 10 பேர் மரம் வெட்டினால் கூலியில்லாமல் 2 பேர் சேர்ந்த கணக்கு. அந்த இரண்டு பேரை உருவாக்க 100 உணவும் 50 விநாடியும் ஆகும். இதுவோ மரம் சேர்க்கும் இடமான லம்பர் கேம்பில் நடப்பதால் டவுன் சென்டர் நிற்காது. இதைத் தள்ளிப்போட நியாயமே இல்லை.

வயல் போடத் தொடங்கும்போது, வயல் தரும் உணவைக் கூட்டும் ஹார்ஸ் காலர் (75 உணவு, 75 மரம்).

பலர் சறுக்குவது, வில்லேஜரின் நடையை வேகமாக்கும் வீல்பேரோவில். 175 உணவு, 50 மரம் என்பது மலிவாகத் தெரியும். ஆனால் டவுன் சென்டரில் 75 விநாடி, அதாவது மூன்று வில்லேஜர் போச்சு. வயல்கள் பெருகியபின் எடுங்கள், அப்போதுதான் நடை மிச்சமாவது தெரியும்.

படை ஆராய்ச்சி படையைப் பொறுத்தது. வில்லாளர் என்றால் ஃப்ளெட்சிங்: தாக்குதல் 1, தூரம் 1 கூடும். குதிரை என்றால் பிளட்லைன்ஸ், ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. இரண்டே குதிரைக்காக 150 உணவும் 100 தங்கமும் கொட்டாதீர்கள். அந்த உணவு, அடுத்த கேஸில் யுகத்துக்கு ஏறத் தேவையான 800 உணவில் குறையும்.