டிசம்பர் 6 யாருடைய நாள்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகள் இங்கே ஒன்ராறியோவில் பொறியியல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். போன டிசம்பர் 6ஆம் திகதி பின்னேரம் பல்கலைக்கழகத்தில் ஒரு நிகழ்வு என்று போனாள். 1989இல் மொன்றியலில் சுட்டுக் கொல்லப்பட்ட 14 பெண்களுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்களாம். அவளிடம் ஒரு பெயர் எழுதிய அட்டையைக் கொடுத்து, அதை வாசித்துவிட்டுத் திரியைக் கொளுத்தச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் அன்றிரவு சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நீ பிறக்கிறதுக்கு எவ்வளவோ முந்தி நடந்த விசயம், வருசா வருசம் இதைக் கிளறினால் படிக்கிற பிள்ளைகளுக்குப் பயம்தானே வரும், மறக்கிறதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பதினாறு வயது மகனோ, "அது அக்காவையளின்ர நாள்தானே, எனக்கென்ன" என்று எழும்பிப் போய்விட்டான். அந்த அட்டை இன்னமும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது.

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஒரு நாளை அறிவிப்பதால் என்ன மாறிவிடும்? செத்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை. சுட்டவனுக்குத்தானே அது விளம்பரம்? நான் மகளிடம் சொன்னது பிழையா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளை சாப்பிடாமல் படுத்தால் எந்தத் தாய்க்கும் அந்தப் பேச்சுத்தான் வாயில் வரும். ஆனால் நீங்கள் நேராகக் கேட்டிருப்பதால் நானும் நேராகவே சொல்கிறேன்: சொன்னது பிழைதான். கோபிக்காமல் மிச்சத்தையும் வாசியுங்கள்.

அன்று நடந்ததை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் "மொன்றியலில் சுடப்பட்ட 14 பெண்கள்" என்று ஒரு வரியில் முடித்தால் முக்கியமான விசயம் விடுபட்டுப் போகிறது. 1989 டிசம்பர் 6 பின்னேரம், எக்கோல் பொலிரெக்னிக் என்ற பொறியியல் கல்லூரிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான், இரண்டாம் மாடியில் ஒரு வகுப்பறைக்குள் போனான், ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் நிற்கச் சொன்னான். பிறகு ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, மிஞ்சி நின்ற ஒன்பது பெண்களிடம், தான் பெண்ணியத்தை எதிர்த்துப் போராடுவதாகச் சொன்னான். அந்த ஒன்பது பேரில் நத்தலி புரோவோ என்ற மாணவி, நாங்கள் பொறியியல் படிக்கிற பெண்கள், அவ்வளவுதான், என்கிற மாதிரி அவனுக்குப் பதில் சொன்னார். அவன் சுட்டான். அந்த அறையில் மட்டும் ஆறு பேர் இறந்தார்கள். எல்லாம் முடிந்தபோது மொத்தம் 14 பேர்: 12 பொறியியல் மாணவிகள், தாதியியல் படித்த ஒருவர், கல்லூரியில் வேலை செய்த ஒருவர். அன்றிரவு வெளியே நின்று பத்திரிகைக்காரர்களுக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்த பொலிஸ் அதிகாரி பிறகு உள்ளே போனார். அங்கே கிடந்தவர்களில் ஒருத்தி அவருடைய மகள். இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அவனுடைய பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் மகளின் கையில் கொடுத்த அட்டையிலும் அவனுடைய பெயர் இருந்திருக்காது. அவனுக்கு விளம்பரம் கொடுப்பது, நடந்த அன்றிரவும் மறுநாளும் அவனுடைய படத்தைப் பெரிதாகப் போட்டு அவன் யார், எங்கே வளர்ந்தான், என்ன சாப்பிட்டான் என்று தோண்டுகிற செய்திதான். நினைவுநாள் அதற்கு நேர் எதிரான காரியம். அங்கே செத்தவர்களின் பெயர்தான் வாசிக்கப்படுகிறது, அதுவும் ஒவ்வொன்றாக.

சரி, ஒரு நாளை அறிவிப்பதால் என்ன மாறும் என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. டிசம்பர் 6ஐ நினைவுநாளாக்கும் சட்டமூலத்தைக் கனேடியப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தவர் டோன் பிளாக். எதிர்க்கட்சி வரிசையில், புதிய சனநாயகக் கட்சியில் இருந்தவர். அது 1991இல் சட்டமானது. அன்று விடுமுறை கிடையாது, வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஆனால் ஒட்டாவாவில் பாராளுமன்றக் கட்டடத்தின் சமாதானக் கோபுரத்திலும் மத்திய அரசுக் கட்டடங்களிலும் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். அந்த நாளின் முழுப்பெயரில் நினைவு என்ற சொல்லோடு நடவடிக்கை என்ற சொல்லையும் சேர்த்தே வைத்தார்கள்: பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த நினைவுக்கும் நடவடிக்கைக்குமான தேசிய நாள். நீட்டி முழக்கின பெயர்தான், ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட எடுக்க எனக்கு மனம் வராது.

நம் வீடுகளில் ஒருவர் செத்தால் திவசம் செய்கிறோம். அது அந்த வீட்டின் நாள், அடுத்த வீட்டுக்காரர் மறந்தாலும் யாரும் குறையாக நினைப்பதில்லை. ஒரு பிள்ளை பெண் என்ற ஒரே காரணத்துக்காக வகுப்பறையில் வரிசையாக நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டால் அது அந்த வீட்டோடு முடிகிற சாவா? பெற்ற தாய்க்கு நினைவுபடுத்த ஒரு தேசிய நாள் தேவையில்லை, அவர் எந்த நாளும் மறக்கப்போவதில்லை. அந்த நாள் தேவைப்படுவது எனக்கும் உங்களுக்கும்தான். நினைவேந்தல் என்ற சொல்லை நம்மவர்கள் எவ்வளவு கவனமாகப் புழங்குகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மறந்துவிடு என்று பிறத்தியார் வந்து நம்மிடம் சொன்னால் எப்படிச் சுடும் என்றும் நமக்குத் தெரியும்.

2019 டிசம்பரில் நான் மொன்றியலில் இருந்தேன். நடந்து 30 வருடம். அந்த மாதத்தில் அங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மொன் றோயல் மலையிலிருந்து 14 ஒளிக்கற்றைகளை ஒவ்வொன்றாக வானத்துக்கு ஏற்றினார்கள், ஒரு பெயர், ஒரு ஒளி, பிறகு கொஞ்ச நேரம் அமைதி, பிறகு அடுத்த பெயர். 14 என்பது சின்ன எண் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். குளிரில் நின்று ஒவ்வொன்றாக எண்ணும்போது அது முடியவே மாட்டேன் என்கிறது. எட்டாவது, ஒன்பதாவது ஒளி வரும்போது பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா தன் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதே வருடம் நடந்த இன்னொரு விசயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மொன்றியலில் அந்தப் பெண்களின் நினைவாக ஒரு பூங்கா இருக்கிறது, அதன் பெயரே 1989 டிசம்பர் 6 சதுக்கம்தான். அங்கிருந்த பழைய பலகையில் நடந்ததை ஒரு துயரச் சம்பவம் என்று எழுதியிருந்தார்கள். துயரச் சம்பவம் என்றால் என்ன? பாலம் இடிந்தாலும் துயரச் சம்பவம்தான், பஸ் கவிழ்ந்தாலும் துயரச் சம்பவம்தான். அவன் பெண்களைப் பிரித்து நிறுத்தினான், ஏன் சுடுகிறேன் என்று வாயாலேயே சொன்னான், சட்டைப்பையில் கடிதமும் வைத்திருந்தான். அப்படியிருந்தும் ஒரு மனநோயாளியின் வெறி, காரணம் தேடக்கூடாது என்று பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2019இல்தான் பலகையை மாற்றினார்கள். இப்போது அதில், பெண்ணிய எதிர்ப்புத் தாக்குதலில் கொல்லப்பட்ட 14 பெண்கள் என்று இருக்கிறது. ஒரு வசனத்தைச் சரியாக எழுத ஒரு நகரத்துக்கு 30 வருடம் பிடித்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை சனம் அந்த இடத்தில் கூடி நின்று, இது பிழை, இது பிழை என்று சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பழைய பலகை இன்றைக்கும் அங்கேயே நின்றிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

துப்பாக்கிச் சட்டமும் அப்படித்தான். ஸ்கொட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் 1996 மார்ச்சில் 16 சின்னப் பிள்ளைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றபோது, பிரித்தானியாவில் அடுத்த வருடமே கைத்துப்பாக்கியைத் தடை செய்துவிட்டார்கள். கனடாவில் அது இழுபட்டது. பொலிரெக்னிக்கில் அன்று உயிர் தப்பிய ஹைடி ராத்யென், பேராசிரியர் வெண்டி கூக்கியேயோடு சேர்ந்து வருடக்கணக்காக உழைத்து, 1995இல் துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. ரைபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளின் பதிவை 2012இல் அரசாங்கமே எடுத்தும் விட்டது. அன்று அவன் கொண்டுவந்த வகைத் துப்பாக்கி, ருகர் மினி-14, தடை செய்யப்பட்டது 2020 மே மாதத்தில்தான், அதுவும் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் இன்னொருவன் இன்னும் பலரைக் கொன்ற பிறகு. இதைப் பார்த்தால், நினைவுநாள் வைத்தும் ஒன்றும் உடனே நடக்கவில்லைத்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நடக்கவில்லை. ஆனால் 31 வருடம் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு ஆட்களுக்குத் தெம்பு எங்கிருந்தாவது வரவேண்டும், ஒவ்வொரு டிசம்பரிலும் அமைச்சர்கள் அந்தக் குடும்பங்களின் முகத்தைப் பார்க்கவேண்டிய ஒரு நாளும் இருக்கவேண்டும்.

மகனின் விசயம். அவனிடம் ஒன்று சொல்லுங்கள். வெள்ளை ரிப்பன் இயக்கத்தை 1991இல் ரொறன்ரோவில் தொடங்கியவர்கள் ஆண்கள். பிறகு புதிய சனநாயகக் கட்சியின் தலைவராக வந்த ஜாக் லேற்றன் அதில் ஒருவர். பெண்களை அடிக்கமாட்டேன், அடிப்பதைப் பார்த்துக்கொண்டு வாய் மூடி இருக்கவும் மாட்டேன் என்று ஆண்கள் சட்டையில் குத்திக்கொள்கிற ரிப்பன் அது. அன்று வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட மாணவர்களும் உங்கள் மகனைவிடக் கொஞ்சம் மூத்த பெடியன்கள்தான். துப்பாக்கி முனையில் நின்ற அந்தப் பிள்ளைகளை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன், ஆனால் அவர்களும் அதைச் சுமந்துகொண்டுதான் வாழ்ந்தார்கள். எனக்கென்ன என்று எழும்பிப் போவதற்கு உங்கள் மகனுக்கு நியாயம் இல்லை. கத்தாமல், ஆறுதலாகச் சொல்லுங்கள்.

பயம் வரும் என்கிறீர்கள். பதில் சொன்ன மாணவி என்று மேலே எழுதினேனே, நத்தலி புரோவோ, அவர் உடம்பில் நாலு குண்டு. சில நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே பத்திரிகைக்காரர்களைச் சந்தித்து, இளம் பெண்கள் பொறியியல் படிக்க வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பொறியியலாளர் ஆனார், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பல வருடம் குரல் கொடுத்தார், 2025 தேர்தலில் பாராளுமன்ற உறுப்பினராகவும் வந்துவிட்டார். பொலிரெக்னிக் 2014இலிருந்து வெள்ளை ரோசா என்ற பெயரில், பொறியியலில் மேற்படிப்புக்குப் போகும் கனேடியப் பெண் ஒருவருக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறது. உங்கள் மகள் நாலு வருடத்தில் பட்டம் எடுத்துவிட்டு அதற்கு விண்ணப்பிக்கலாம். அன்றிரவு அவள் சாப்பிடாமல் இருந்ததைப் பயம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னுடைய வகுப்பறை மாதிரியே ஒரு வகுப்பறையில், தன் வயதில் இருந்த ஒருத்தியின் பெயரைத் தன் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். உடனே பசிக்காது.

அந்த அட்டையில் இருப்பது யாருடைய பெயர் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் அவளிடம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கு இரவு கேளுங்கள், அந்தப் பெண் என்ன படித்தார், எந்த ஊர்க்காரர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். வருகிற டிசம்பர் 6 அவளோடு நீங்களும் போங்கள், முடிந்தால் மகனையும் கூட்டிக்கொண்டு. வெளியில்தான் நிற்க வேண்டிவரும், குளிருக்கு நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள்.

அன்புடன்.