60-ஆம் பக்கத்தில் மூடிய நாவல்

மேடத்துக்கு வணக்கம். வயது 43, ஆதம்பாக்கம். கல்லூரி நாளிலிருந்து நாங்கள் மூன்று பேர். மே மாதம் பிறந்தால் எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, கொடைக்கானல் ரோட்டில் இறங்குவோம். ஒருத்தி போன செப்டம்பரில் புற்றுநோயில் போய்விட்டாள். "கத்திரி வெயிலுக்கு ஜாலியா இருக்கும்" என்று இன்னொருத்தி ஒரு நாவல் கொடுத்தாள். மூன்று தோழிகள், கடலோர வீடு, ஒரே அரட்டை. சிரித்துக்கொண்டே படித்தேன். 60-ஆம் பக்கத்தில்தான் தெரிந்தது, மூன்றாமவள் செத்துப்போனவள், மற்ற இருவரின் நினைவில் மட்டும் வருகிறாள் என்று. அதுவரை சிரித்ததே கூசுகிறது. "ஃப்ரெண்டுதானே, எட்டு மாசம் ஆச்சே" என்கிறார் கணவர். மீதியைப் படிக்கலாமா? கொடைக்குப் போகலாமா?

பதில்:

படிக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். சிரித்ததற்குக் கூச வேண்டியதில்லை. துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் இருவரும் 1999-இல் விளக்கியபடி துக்கம் ஓர் ஊசல்: சற்று நேரம் இழப்பின் பக்கம், சற்று நேரம் பிழைப்பின் பக்கம். ஒரே பக்கம் சிக்கிக்கொண்டால்தான் தொல்லை.

சொந்தத்தில் ஒருவர் போனால் பதினாறு நாள் துக்கம் காக்கிறோம், விசாரிக்க ஆள் வருகிறது. தோழி போனால் ஆபீஸில் ஒரு நாள் லீவுக்கே காரணம் தேட வேண்டும். இப்படி ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கத்துக்குத் தனிப்பெயர் வைத்து 1989-இல் துக்க ஆய்வாளர் கென்னத் டோகா புத்தகமே கொண்டுவந்தார். இடமில்லாமல் நின்ற அழுகை நாவலில் வந்து முட்டியிருக்கிறது.

நாவலில் ஒரு வசதி, வேண்டியபோது மூடலாம். பகலில், 20 நிமிடம் அலாரம் வைத்துப் படியுங்கள். தொண்டை அடைக்கும் வரியில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் அவளுக்கே இரண்டு வரி எழுதுங்கள்: "இதைப் படிச்சா நீ என்ன சொல்லியிருப்ப?" பிறகு கால் மணி நேரம் கைக்கு வேலை, கீரை ஆய்ந்தாலும் போதும். ராத்திரி படுக்கையில் படித்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்ட மறுநாள் எல்லாமே இரட்டிப்பாகத் தெரியும். சோக அத்தியாயங்களைத் தாண்டிப் போவதும், அவற்றையே திரும்பத் திரும்பப் படிப்பதும் வேண்டாம். முந்நூறு பக்கத்துக்குள் கண்ணீரைத் துடைத்துவிடுவது நாவலாசிரியரின் சௌகரியம். அந்தக் கணக்கை உங்களுக்குப் போடாதீர்கள்.

கொடுத்தவளையும் அதே அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லி, ஞாயிறு மாலை போனில் பேசுங்கள். கதாபாத்திரத்தில் தொடங்கினால் உங்கள் தோழியின் பெயர் தானாக வந்துவிடும்.

கொடைக்குப் போவதென்றால் இரண்டு ராத்திரி போதும், பழைய லாட்ஜ் வேண்டாம். பலருக்கும் முதல் அடி ரயிலிலேயே விழும்: அவளுடைய பெர்த்தில் யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுப்பார். அப்போது என்ன செய்வது என்று இருவரும் முன்பே பேசிவையுங்கள்.

தீராத ஏக்கத்தால் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் நாள்தோறும் முடங்கினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியும் அப்படி நீடித்தால் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அதற்கு நோய்ப்பெயர் உண்டு. சாக வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே 14416. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கணவரிடம் வாதம் வேண்டாம். "சனிக்கிழமை காலை அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கோங்க, நான் படிக்கணும்" என்று மட்டும் கேளுங்கள்.